இரைப்பையில் ஒரு பட்டை, அதற்குப் பின் வரும் ஆண்டுகள்

குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இரைப்பை அறுவை புதிய செய்தி அல்ல. நூறு ஆண்டுகளுக்கு முன்பே தென்திருவிதாங்கூரின் நாலா பக்கத்திலிருந்தும் வயிற்றுவலிக்காரர்கள் நெய்யூர் லண்டன் மிஷன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தார்கள். ஆர்ச்சிபால்ட் ராம்சே என்ற மருத்துவர் 1838இல் தொடங்கிவைத்த மருத்துவப் பணி அது. 1922இல் எவரெஸ்ட் பயணம் முடித்துவிட்டு இந்தியாவைச் சுற்றிப் பார்க்க வந்த ஹோவர்ட் சோமர்வெல் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர், அங்கே தனியாளாகத் திணறிக்கொண்டிருந்த டாக்டர் பியூவுக்குச் சில நாள் கைகொடுத்தார். வராந்தாவில் காத்துக் கிடந்த கூட்டம் அவர் மனதைவிட்டு அகலவில்லை. லண்டனில் அமையவிருந்த வாழ்க்கையை உதறிவிட்டு நெய்யூருக்கே திரும்பினார். 1924இல் மறுபடியும் எவரெஸ்டில் ஏறத்தாழ 8,500 மீட்டர் உயரம்வரை ஏறி இறங்கியதும் மீண்டும் வந்தார். அதன்பின் ஏறக்குறைய இருபது ஆண்டுகள் அவர் கை அதிகம் பழகியது இந்த ஊர் மக்களின் இரைப்பையோடுதான்.

அன்றைய நோய் முன்சிறுகுடல் புண். திருவிதாங்கூரில் அது ஏன் இவ்வளவு அதிகம் என்ற கேள்வி சோமர்வெல்லையும், அவரோடு நெய்யூரில் பணிசெய்த ஓர் என்ற மருத்துவரையும் குடைந்தது. மரச்சீனிக் கிழங்கையும் மிளகாயையும் நம்பி வாழ்ந்த ஏழைகளின் சாப்பாட்டில் அவர்கள் காரணத்தைத் தேடினார்கள். அதே காலத்தில் குன்னூர் ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் மெக்காரிசன், எலிகளுக்குத் திருவிதாங்கூர் ஏழையின் சாப்பாட்டைக் கொடுத்து வளர்த்து, அவற்றின் இரைப்பையில் புண் வருவதைக் காட்டினார். ஹெலிகோபாக்டர் என்ற கிருமிக்கு இதில் இருக்கும் பங்கு தெரியவர 1980கள் ஆயின. அதுவரை அறுவைதான் மருந்து. இரைப்பையைச் சிறுகுடலின் நடுப்பகுதியோடு நேரடியாக இணைத்துத் தைத்து, அமிலத்துக்கு மாற்றுவழி திறந்துவிடுவார்கள். சோமர்வெல் இந்த அனுபவத்தையெல்லாம் திரட்டி, இரைப்பை அறுவை பற்றி 1948இல் ஒரு நூலே எழுதினார்.

இந்தப் பழைய அறுவைக்கும் இன்றைய எடைக்குறைப்பு அறுவைக்கும் நேரடி உறவு உண்டு. புண்ணுக்காக இரைப்பையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டவர்கள், அறுவைக்குப் பிறகு எவ்வளவு முயன்றும் எடை கூடாமல் இருப்பதை உலகெங்கும் மருத்துவர்கள் பார்த்திருந்தார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எட்வர்ட் மேசன் அந்தத் தொல்லையையே மருந்தாக மாற்றலாம் என்று துணிந்தார். 1966இல் அவர் தொடங்கிய இரைப்பை பைபாஸ்தான் உடல்பருமனுக்கான இன்றைய அறுவைகளின் முன்னோடி. பசித்த வயிற்றின் புண்ணுக்காகப் பழகிய கைவேலை, அரை நூற்றாண்டுக்குள் நிறைந்த வயிற்றின் பக்கம் திரும்பியது.

பைபாஸில் வெட்டும் தையலும் நிறைய. வெட்டாமல் இரைப்பையைச் சிறிதாக்க முடியுமா என்ற யோசனையில் பிறந்ததுதான் பட்டை. 1970களின் கடைசியிலேயே இரைப்பையின் மேல்பகுதியைச் செயற்கை வலையால் சுற்றிக் கட்டிப் பார்த்தார்கள். ஒருமுறை கட்டினால் கட்டியதுதான், தளர்த்தவோ இறுக்கவோ வழியில்லை. உக்ரைனில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய லுபோமிர் குஸ்மாக், 1986இல் சிலிக்கான் பட்டையின் உட்புறம் ஒரு சிறு பலூனை வைத்தார். பலூனிலிருந்து மெல்லிய குழாய் ஒன்று வந்து, வயிற்றுத் தோலுக்கு அடியில் தைத்துவைத்த பொத்தான் அளவு ‘போர்ட்’டில் முடியும். தோலின் வழியாக அந்தப் போர்ட்டில் ஊசி குத்தி உப்புநீர் ஏற்றினால் பட்டை இறுகும், உறிஞ்சினால் தளரும். பெல்ஜியத்தின் ஹுய் நகரில், எத்தியோப்பியக் கிராமம் ஒன்றிலிருந்து படிக்க வந்து அறுவை மருத்துவரான மிட்டிக்கு பெலாச்செவ், 1993 செப்டம்பர் 1ஆம் தேதி இதை லேப்ராஸ்கோபி முறையில் சிறு துளைகள் வழியாகவே ஒரு நோயாளிக்குப் பொருத்தினார். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2001 ஜூனில் அனுமதி கொடுத்தது.

பட்டை கட்டிய இரைப்பை உடுக்கை போல இடுங்கும். மேலே ஒரு சிறு பை, கீழே வழக்கமான இரைப்பை. மேல்பை நிறைந்துவிடுவதால் பசி அடங்குகிறது என்றுதான் முதலில் நினைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் பால் ஓ’பிரையன் குழுவினர் இதை மேலும் ஆராய்ந்தார்கள். மென்று விழுங்கிய ஒவ்வொரு கவளமும் பட்டையைக் கடக்கும்போது அங்குள்ள நரம்புகளை அழுத்துகிறது, ‘போதும்’ என்ற செய்தி மூளைக்குப் போகிறது என்பது அவர்கள் விளக்கம். நன்றாக மென்று, கவளத்துக்குக் கவளம் ஒரு நிமிடமாவது இடைவெளி விட்டுச் சாப்பிடுபவருக்குத்தான் பட்டை வேலைசெய்யும். அவசரக்காரருக்கு அது அடைப்பு.

பட்டையை மருத்துவர்கள் விரும்பியதற்குக் காரணம் இருந்தது. குடலை வெட்டவில்லை, வேண்டாமென்றால் கழற்றிவிடலாம், உயிருக்கு ஆபத்து மிகக் குறைவு. 2009இல் வெளியான, பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய அமெரிக்க ஆய்வு ஒன்றில் பட்டை பொருத்திக்கொண்ட 1,198 பேரில் முதல் முப்பது நாளில் ஒருவர்கூட இறக்கவில்லை. நன்மையும் சாதாரணமானது அல்ல. 2008இல் டிக்சன், ஓ’பிரையன் குழு, புதிதாக நீரிழிவு வந்த 60 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தது. இரண்டு ஆண்டுகளில் பட்டை வைத்தவர்களில் நூற்றுக்கு 73 பேருக்குச் சர்க்கரை கட்டுக்குள் வந்து மருந்தே தேவைப்படாத நிலை. வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அப்படி ஆனவர்கள் நூற்றுக்கு 13 பேர்தான். பட்டையின் கதையைச் சொல்லும்போது இதை மறைத்துவிட்டுச் சொல்வது நியாயமாகாது.

ஆனால் பட்டை வைத்தவரின் வாழ்க்கை அறுவை அறையில் முடிவதில்லை. நாலைந்து வாரம் கழித்து முதல் தடவை உப்புநீர் ஏற்றுவார்கள். முதல் ஆண்டில் மாதத்துக்கு ஒருமுறையோ ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறையோ போய், பசியும் எடையும் வாந்தியும் எப்படி என்று சொல்லி, அரை மில்லி, ஒரு மில்லி என்று கூட்டியும் குறைத்தும் சரியான இறுக்கத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். அந்த இறுக்கம் எடை குறையக் குறைய மாறும். கர்ப்பமானால் மாறும், வேறு நோய் வந்து படுத்தாலும் மாறும். பட்டை என்பது உடலுக்குள் வைத்த ஒரு கருவி. அதைச் சரிபார்க்க ஊசியும் பயிற்சியும் உள்ள ஒருவர் எட்டும் தூரத்தில் ஆயுள் முழுக்க இருந்தாக வேண்டும். இந்தக் கட்டுரையின் கவலை முழுவதும் அந்த ஒருவரைப் பற்றியதுதான்.

நாஞ்சில் நாட்டுச் சாப்பாட்டு இலையின் முன் பட்டை வைத்த ஒருவரை உட்காரவைத்துப் பார்த்தால் மற்றது விளங்கும். குழைந்து உருண்டையாகும் சோறு அடைக்கும். தோசையும் ரொட்டியும் உள்ளே போய் ஊறி அடைக்கும். ஆட்டிறைச்சியின் நார் அடைக்கும், முருங்கைக்காய்ச் சக்கையும் சக்கைப்பழத்தின் நாரும் அடைக்கும். அவித்த மரச்சீனியை மீன்கறியில் நன்றாக மசித்தால் இறங்கலாம், ஆனால் அதில் புரதம் மீனில் இருப்பது மட்டும்தான். சாளையும் அயிலையும் முள் நீக்கி மென்றால் எளிதாக இறங்கும். பயறு, முட்டை, தயிர் நல்லது. சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது, அரை மணி நேரமாவது விட வேண்டும். இதில் ஒரு பொல்லாத குழி இருக்கிறது. பாயசம், ஐஸ்கிரீம், குளிர்பானம், வாயில் கரைந்துவிடும் ஏத்தங்காய் உப்பேரி இவையெல்லாம் பட்டையைத் தடையில்லாமல் தாண்டிவிடும். பட்டை கூடுதலாக இறுகியவர்கள் மெல்ல முடியாத சோற்றையும் மீனையும் விட்டுவிட்டு, வழுக்கி இறங்கும் இனிப்பின் பக்கம் போவது உலகம் முழுக்கக் கண்ட ஒன்று. எடை குறையாமல் நிற்கும்போது வீட்டார் அவரை நாக்கைக் கட்டத் தெரியாதவர் என்கிறார்கள். பல சமயம் பட்டையைச் சற்றுத் தளர்த்தியிருந்தால் அவர் மறுபடி ஒழுங்கான சாப்பாட்டுக்கு வந்திருப்பார்.

அடியந்திர வீட்டுப் பந்தியில் நிலைமை இன்னும் சிக்கல். அவியல், எரிசேரி, தீயல், பருப்பு, புளிசேரி, இரண்டு பாயசம் என்று இலை நிறையும் ஊர் இது. “என்ன மக்கா, ஒண்ணும் சாப்பிடாம இருக்கியே?” என்று பரிமாறுபவர் கேட்கும்போது அதில் அன்பு மட்டும்தான் இருக்கிறது. அந்த அன்புக்குக் கட்டுப்பட்டு வேகமாக நாலு கவளம் விழுங்கினால் நெஞ்சுக்குள் கல் மாட்டியது போன்ற வலி, வாயில் நுரை நுரையாக எச்சில், பிறகு பந்தியைவிட்டு எழுந்து ஓடி ஓங்கரிப்பு. பட்டை வைத்தவர்கள் பலர் வெளியே சாப்பிடுவதையே நிறுத்திவிடுகிறார்கள். காரணத்தைச் சொல்லவும் கூச்சம். எடையைத் தானாகக் குறைக்காமல் ‘ஆபரேஷன் பண்ணிக்கிட்டா’ என்ற பேச்சு வந்துவிடுமே என்ற பயம், பெண்களுக்கு இன்னும் அதிகம். நியூஜெர்சி மாநில ஆளுநராக இருந்த கிறிஸ் கிறிஸ்டியே 2013 பிப்ரவரியில் வேறு பெயரில் மருத்துவமனையில் சேர்ந்துதான் பட்டை பொருத்திக்கொண்டார். செல்வாக்குள்ளவருக்கே அந்தக் கூச்சம் என்றால், வில்லுக்குறியிலோ தக்கலையிலோ கூட்டுக்குடும்பத்தில் இருக்கும் ஒருவர் வாய் திறக்கத் தயங்குவதில் வியப்பில்லை. அந்தத் தயக்கம் எங்கே ஆபத்தாகிறது என்பதைப் பின்னால் பார்க்கலாம்.

இனி சிக்கல்கள். முதலாவது நழுவல். பட்டைக்குக் கீழே இருக்க வேண்டிய இரைப்பைச் சுவர் மெல்ல மேலே ஏறிப் பட்டைக்கு மேல் பிதுங்கிவிடும். ஓங்கரிப்பு அதிகமாக இருப்பவர்களுக்கு இது வர வாய்ப்பு கூடுதல். அறிகுறிகள் வாந்தி, நெஞ்செரிச்சல், சாப்பிட்டது இறங்காமை, படுத்தால் இருமல். சாதாரண எக்ஸ்ரே போதும் இதைப் பிடிக்க: சரியாக இருக்கும் பட்டை முதுகெலும்புக்கு 4 முதல் 58 பாகை வரை சாய்ந்து, இடது தோளை நோக்கி நிற்கும்; நழுவியது கிடைமட்டமாகவோ, முழு வட்டமாகவோ தெரியும். பிதுங்கிய பகுதிக்கு ரத்தம் போகாமல் நின்றுவிட்டால் அங்கே திசு அழுகும், அது உயிர்போகும் அவசரம். பட்டை வைத்தவருக்கு விடாத வயிற்றுவலியும் வாந்தியும் சேர்ந்து வந்தால் அதை ‘கேஸ்’ என்று சொல்லி ஒரு இரவைக் கடத்தக் கூடாது.

இரண்டாவது அரிப்பு. பட்டை இரைப்பைச் சுவரை மெல்லத் தின்று உள்ளே போய்விடுவது. இது சத்தமில்லாமல் நடக்கும். வலிகூட இருக்காது, திடீரென்று முன்போல நிறையச் சாப்பிட முடிகிறது, எடை ஏறுகிறது, அவ்வளவுதான். பல ஆண்டுகள் கழித்துப் போர்ட் இருக்கும் இடம் சிவந்து சீழ் வைப்பதுதான் சிலருக்கு முதல் அறிகுறி. மேலே புண்ணுக்கு மருந்து போட்டுக்கொண்டிருந்தால் தீராது, எண்டோஸ்கோபி செய்து பார்க்க வேண்டும். நம் ஊரில் ஒரு தனி அபாயம் இங்கே வருகிறது. உடல்பருமன் உள்ளவர்களுக்கு முட்டுவலி சகஜம். முட்டுவலிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் போன்ற மாத்திரைகள் இரைப்பைச் சுவரைப் புண்ணாக்கும். பட்டை வைத்தவரும் பைபாஸ் செய்தவரும் இவற்றைத் தவிர்த்தே ஆக வேண்டும்.

போர்ட் தலைகீழாகத் திரும்புவதும், குழாய் கசிந்து உப்புநீர் வெளியேறுவதும் சிறிய சிக்கல்கள், ஆனால் அடிக்கடி வருபவை. மெதுவாக வருவது உணவுக்குழாயின் வீக்கம். ஆண்டுக்கணக்கில் இறுகிய பட்டைக்கு எதிராகத் தள்ளித் தள்ளி உணவுக்குழாய் அகன்று தன் அசைவை இழக்கும். இரவில் எதுக்களித்து நுரையீரலுக்குள் போய்த் திரும்பத் திரும்ப நெஞ்சுச்சளி வரும். மூச்சுக்குழாய் நோய் என்று நினைத்து மாதக்கணக்கில் இன்ஹேலர் இழுத்துக்கொண்டிருப்பவருக்குத் தேவை பட்டையைத் தளர்த்துவதாக இருக்கலாம்.

இவையெல்லாம் எவ்வளவு பேருக்கு வருகின்றன? இங்கேதான் இரண்டு ஆய்வுகளை அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். பிரஸ்ஸல்ஸில் ஹிம்பென்ஸ் குழு 1994 முதல் 1997 வரை பட்டை பொருத்திய 151 பேரைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தேடியது. கிடைத்தவர்கள் 82 பேர். அவர்களில் நூற்றுக்கு 39 பேருக்குப் பெரிய சிக்கல், 28 பேருக்கு அரிப்பு, 60 பேருக்கு மறு அறுவை. 2011இல் வெளியான இந்தக் கணக்கு பட்டையின் பெயரை உலகம் முழுக்கக் கெடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து ஆஸ்திரேலியாவில் ஓ’பிரையன் குழு 3,227 நோயாளிகளின் கணக்கை வெளியிட்டது. அங்கும் நூற்றுக்கு 43 பேருக்குத் திருத்த அறுவை வேண்டியிருந்தது; ஆனால் அரிப்பு 3.4 மட்டுமே, கூடுதல் எடையில் ஏறத்தாழ பாதி பதினைந்து ஆண்டுகள்வரை திரும்பவில்லை.

ஒரே வகைக் கருவி, எட்டு மடங்கு வேறுபட்ட அரிப்பு. பட்டையின் வடிவம் இடையில் மேம்பட்டது, பொருத்தும் முறையும் மாறியது. இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. ஆனால் ஓ’பிரையன் குழு இருந்த மெல்போர்னில் நோயாளியை விடாமல் திரும்ப வரவழைக்கும் ஏற்பாடு அறுவையின் ஒரு பகுதியாகவே நடத்தப்பட்டதையும் ஒதுக்கிவிட முடியாது. நியூயார்க் பல்கலைக்கழகத்திலிருந்து 2004இல் வந்த ஒரு சிறிய ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. பட்டை வைத்தவர்களில் முதல் ஆண்டில் ஆறு தடவைக்கு மேல் மருத்துவரிடம் வந்தவர்கள் கூடுதல் எடையில் நூற்றுக்கு 50 குறைத்தார்கள், அதற்குக் குறைவாக வந்தவர்கள் 42. பைபாஸ் செய்தவர்களிடம் அடிக்கடி வந்தவர், வராதவர் என்ற வேறுபாடு எடையில் தெரியவில்லை. மற்ற அறுவைகளைவிட அதிகமாகப் பட்டை ஆளைக் கேட்கிறது, ஊசியைக் கேட்கிறது, பயணத்தைக் கேட்கிறது.

இந்தச் செலவை யாரும் முன்கூட்டிச் சொல்லி விற்கவில்லை. லாஸ் ஏஞ்சலஸ் நெடுஞ்சாலைகளில் பட்டை அறுவைக்குப் பெரிய பெரிய விளம்பரப் பலகைகள் நின்றன. ஆபத்துகளைச் சரியாகச் சொல்லவில்லை என்று 2011 டிசம்பரில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அந்த விளம்பரதாரருக்கும் அதோடு தொடர்புள்ள அறுவை மையங்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. செலவு எங்கே போய் நின்றது என்பதை 2017இல் ஒரு கணக்கு சொன்னது. அமெரிக்க அரசின் முதியோர் காப்பீட்டில் பட்டை வைத்த 25,042 பேரில், சராசரி நாலரை ஆண்டுக்குள், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு மறு அறுவை. அரசு பட்டைக்காகக் கொடுத்த மொத்தத் தொகையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக இந்த மறு அறுவைகளுக்கே போயிற்று. 2011இல் அமெரிக்காவின் எடைக்குறைப்பு அறுவைகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பட்டைதான். பத்து ஆண்டுக்குள் அது நூற்றுக்கு ஒன்றுகூட இல்லாத நிலைக்கு இறங்கியது. பட்டை செய்துவந்த பெரிய நிறுவனங்களில் ஒன்று தயாரிப்பை நிறுத்தியது, மற்றொன்று கைமாற்றிவிட்டது. கடைசியாக 2025இல் வந்த பிரிட்டனின் மூவழி ஒப்பீட்டு ஆய்வு, மூன்று ஆண்டு முடிவில் கூடுதல் எடையில் பாதியாவது குறைத்தவர்கள் பைபாஸில் நூற்றுக்கு 68, இரைப்பையை வெட்டிச் சிறிதாக்கும் ‘ஸ்லீவ்’ அறுவையில் 41, பட்டையில் 25 என்று கணக்குக் காட்டியது.

அப்படியானால் இன்று குமரியில் இதைப் பற்றி ஏன் பேச வேண்டும்? புதிதாகப் பட்டை வைப்பவர் குறைந்தாலும், வைத்தவர்களின் வயிற்றில் அது இருக்கிறது. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பிழைக்கப் போன குடும்பங்கள் இல்லாத ஊர் இந்த மாவட்டத்தில் இல்லை. அங்கே 2000களில் பட்டை பொருத்திக்கொண்டு இன்று ஓய்வில் ஊர் திரும்பும் ஒருவருக்கு, பொருத்திய மருத்துவர் கடல்கடந்து இருப்பார். இன்னொரு காரணம், பட்டையின் இடத்தைப் பிடித்த ஸ்லீவ் அறுவை. இரைப்பையின் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு வரை வெட்டி எடுத்துவிடும் அறுவை அது. கழற்றி வைக்க வழியே இல்லை. அதற்கும் பைபாஸுக்கும் பிறகு இரும்பு, பி12, டி வைட்டமின், கால்சியம் குறைவதை ஆயுள் முழுக்கப் பார்த்துவர வேண்டும். அறுவைக்குத் திருவனந்தபுரமோ மதுரையோ கோவையோ போகிறோம்; அதற்குப் பிந்தைய வாழ்க்கையை நாகர்கோவிலிலோ குளச்சலிலோ வாழ்கிறோம்.

தேவை பெருகத்தான் போகிறது. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் எடை கூடியவர்கள் 2015–16இல் பெண்களில் நூற்றுக்கு 30.9, ஆண்களில் 28.2. 2019–21இல் அது 40.4, 37 என்று ஏறிவிட்டது. நமக்கு எடை குறைவாக இருக்கும்போதே சர்க்கரை வந்துவிடுவதால், அறுவைக்கான வரம்பும் ஆசியருக்குத் தாழ்வாகவே வகுக்கப்பட்டது: இந்தியாவில் நெடுங்காலம் பி.எம்.ஐ. என்ற உடல் எடைக் குறியீடு 37.5, சர்க்கரை போன்ற நோய் சேர்ந்திருந்தால் 32.5. இன்றைய பரிந்துரைகள் இன்னும் கீழே வந்திருக்கின்றன. ஆனால் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதி 40, கடுமையான உடன்நோய் இருந்தால் 35. ஐந்தடி மூன்றங்குல உயரமுள்ள, சர்க்கரை கட்டுக்கு வராத ஒரு பெண்ணுக்குப் பழைய வரம்பின்படியே மருத்துவம் 83 கிலோவில் கதவைத் திறக்கிறது, காப்பீடு 90 கிலோவில்தான் திறக்கிறது. இடைப்பட்ட ஏழு கிலோவுக்குள் நிற்பவர்கள் நகையை அடகுவைத்துக் குறைந்த செலவுக்குச் செய்யும் இடம் தேடிப் போகிறார்கள். அப்படிப் போகும் இடத்தில் அவசரம் வந்தால் சமாளிக்கும் ஏற்பாடு இருக்கிறதா என்பதை நோயாளி எப்படி அறிவார்? 2024 ஏப்ரலில் சென்னை பம்மலில் தனியார் மருத்துவமனை ஒன்றில் எடைக்குறைப்பு அறுவைக்குப் போன புதுச்சேரி இளைஞர் ஒருவர் இறந்தார். அரசு விசாரணை நடத்தி அந்த மருத்துவமனையின் பதிவைத் தற்காலிகமாக நிறுத்திவைத்தது. தமிழ்நாடே சில நாள் அதைப் பேசியது. அறுவை மேசையில் நேரும் சாவு செய்தியாகிவிடுகிறது. மூன்றாவது மாதம் வீட்டில் வாந்தியெடுத்து மெலிந்து தள்ளாடுபவரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

அந்தத் தள்ளாட்டத்தைத்தான் மாவட்டத்தின் ஒவ்வொரு மருத்துவரும் செவிலியரும் மனதில் வைத்திருக்க வேண்டும். நம் உடலில் பி1 வைட்டமினாகிய தயமின் இரண்டு மூன்று வாரத்துக்கு மட்டுமே இருப்பில் இருக்கும். பட்டை இறுகியோ, ஸ்லீவ் சுருங்கியோ வாரக்கணக்கில் வாந்தியெடுப்பவருக்கு அது தீர்ந்துவிடும். கண் ஓரிடத்தில் நிலைக்காது, நடை தடுமாறும், பேச்சில் குழப்பம் வரும். ‘சாப்பிடாததால் வந்த அசதி’ என்று பக்கத்துக் கிளினிக்கில் ஒரு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றுவது நம் ஊர் வழக்கம். தயமின் இல்லாத உடம்பில் குளுக்கோஸ் மட்டும் ஏறினால் இருக்கும் கொஞ்சமும் செலவாகி, மூளைக்கு நிரந்தரச் சேதம் வரலாம். முதலில் தயமின் ஊசி, பிறகுதான் குளுக்கோஸ். விலை மிகக் குறைந்த மருந்து அது, எந்த மருந்துக்கடையிலும் கிடைப்பது. கொடுக்க வேண்டுமென்று தோன்றுவதற்கு, எதிரே இருப்பவர் இரைப்பை அறுவை செய்தவர் என்று தெரிய வேண்டும். கூச்சப்பட்டு மறைப்பது இங்கேதான் உயிருக்கு விலையாகிறது. மாமியாரிடம் சொல்லாமல் இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லாமல் இருக்க முடியாது.

பட்டையின் நல்ல பக்கம் ஒன்று இந்த அவசரத்தில் கைகொடுக்கும். நழுவலோ அடைப்போ, எதுவானாலும் முதல் உதவி ஒன்றுதான்: போர்ட்டில் ஊசி குத்தி உப்புநீர் முழுவதையும் உறிஞ்சிப் பட்டையைத் தளர்த்திவிடுவது. பலருக்கு அந்த நிமிடமே தண்ணீர் இறங்கும். அதற்கு வேண்டியது ரப்பரைத் துளைத்துக் கெடுக்காத ஹூபர் ஊசி. புற்றுநோயாளிகளின் கீமோ போர்ட்டுக்குப் பயன்படும் அதே வகை ஊசி. நெய்யூரில் இன்று புற்றுநோய் மையம் இருக்கிறது. ஆசாரிபள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஊசியும் எக்ஸ்ரேயும் அறுவை மருத்துவரும் மாவட்டத்துக்குள்ளேயே கிடைப்பார்கள். இல்லாமலிருப்பது, இன்ன சிக்கலுக்கு இன்ன இடம் என்ற ஏற்பாடு. சோமர்வெல் காலத்து நெய்யூருக்குச் சுற்றுவட்டாரத்தில் கிளை ஆஸ்பத்திரிகள் பல இருந்தன. பெரிய அறுவை நெய்யூரில், அதற்குப் பிந்தைய பராமரிப்பு நோயாளியின் ஊருக்குப் பக்கத்தில். ஆசாரிபள்ளத்தில் வாரத்தில் ஒரு நாள், எங்கே அறுவை செய்திருந்தாலும் வந்து பார்க்கலாம் என்று இரைப்பை அறுவை செய்தவர்களுக்கு ஒரு புறநோயாளர் பிரிவு திறந்தால், புதிய கட்டடமோ பெரிய கருவியோ தேவைப்படாது. ரத்தத்தில் இரும்பு, பி12, டி வைட்டமின் பார்ப்பது, எக்ஸ்ரே ஒன்று எடுப்பது, உணவு ஆலோசகர் ஒருவர் மரச்சீனியும் மீனும் பயறும் தெரிந்த நாக்கோடு பேசுவது. அரசு இதைச் செய்ய வேண்டும்.

பட்டையைக் கழற்றியவர்களின் நிலை தனி. கழற்றியதும் விழுங்குவது எளிதாகும், இருமல் நிற்கும், ஆனால் பெரும்பாலானவர்களுக்குப் பசியும் எடையும் திரும்பும். வேறு அறுவைக்கு மாற வேண்டுமென்றால், பட்டை இருந்த இடத்தில் உருவான கெட்டித் தழும்பு ஆற இரண்டு மூன்று மாதம் விட்டு, பிறகு பைபாஸோ ஸ்லீவோ செய்வதைப் பல மருத்துவர்கள் விரும்புகிறார்கள். அப்போதும் முதல்முறை செய்பவரைவிடக் கசிவு அபாயம் கூடுதல். 2025இல் இந்தியச் சந்தைக்கு வந்த டிர்செபடைட், செமாக்ளுடைட் ஊசிகள் இவர்களில் சிலருக்கு மூன்றாவது வழி. அவையும் நிறுத்தினால் எடை திரும்பும் மருந்துகள், அவற்றுக்கும் மாதாமாதம் பார்க்கும் மருத்துவர் வேண்டும்.

ஆகவே, பட்டை வைத்தோ கழற்றியோ ஊரில் வாழ்பவரின் பணப்பையில் ஒரு சிறு அட்டை இருக்கட்டும்: எந்த அறுவை, எந்த ஆண்டு, எந்த மருத்துவமனை, பட்டையானால் அதன் வகை, இப்போது உள்ளே இருக்கும் உப்புநீர் எத்தனை மில்லி, போர்ட் வயிற்றின் எந்தப் பக்கம், முட்டுவலி மாத்திரை கூடாது, வாந்தி நிற்காவிட்டால் குளுக்கோசுக்கு முன் தயமின். அறுவை செய்த மருத்துவமனையிடம் வெளியேறும் நாளிலேயே கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். வெளிநாட்டில் செய்தவர்கள் ஊருக்குக் கப்பலேற்றும் பெட்டியில் போடாமல், கையோடு கொண்டுவர வேண்டிய காகிதம் அது.